எண்ணுகிறவன் கையும் எழுதுகிறவன் கையும்

(தலித் மாணவர்களும் களப்பணியாளர்களும் கலந்துகொண்ட இரண்டு நாள் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடுமானவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



காலையில் பேசிய தோழர்கள் நிலம் பற்றியும் கூலி பற்றியும் விரிவாகப் பேசினாங்க. என்னைக் காடு பற்றிப் பேசச் சொல்லியிருக்காங்க. காடு என்றதும் நம்ம படித்த ஆட்களுக்கு உடனே கவிதைதான் வருது. மான், மயில், அருவி, மூடுபனி. நான் அதையெல்லாம் பேசப்போறதில்லை. ஒரு காட்டில் மரம் எவ்வளவு நெருக்கமா நிக்குது, அதை எப்படி அளக்குறாங்க, அளந்த பிறகு எதை வெட்டணும், எதை விடணும் என்று யார் முடிவு பண்றாங்க, இதைத்தான் பேசப்போறேன். ‘இது வனத்துறை சமாச்சாரமாச்சே, விடுதலை இயக்கத்துக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்’னு உங்களில் சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கு. கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க.

எங்க குடும்பம் இலங்கை மலையகத்திலிருந்து சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தப்படி நீலகிரிக்கு வந்து சேர்ந்த குடும்பம். 1964-இல் இரண்டு நாட்டுத் தலைவர்கள் உட்கார்ந்து இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் பேர் எனக்கு என்று மனுசனையே எண்ணிப் பங்கு போட்ட ஒப்பந்தம் அது. வந்தவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். தேயிலை வேலை கிடைக்காத நாட்களில் அப்பாவும் பெரியப்பாவும் கூப்பு வேலைக்குப் போவாங்க. தைல மரக் கூப்பு, சீகை மரக் கூப்பு, சில நேரம் கேரள எல்லையில் தேக்குக் கூப்பு. பள்ளிக்கூடம் விட்ட காலத்தில் நானும் கூடப் போனேன். எனக்குக் கொடுத்த வேலை நாடா பிடிக்கிறது. மரத்தைச் சுற்றி நாடாவைப் போட்டு, உரக்கக் கத்தணும்: ‘அறுபத்திரெண்டு! எழுபத்தொண்ணு! நாப்பத்தஞ்சு!’ அந்தப் பக்கம் ஒருத்தர் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார். நாடாவை நான் தொடலாம். மரத்தைத் தொடலாம். முள்ளை வெட்டி வழி பண்ணலாம். நோட்டுப் புத்தகத்தை மட்டும் தொடக்கூடாது. ஒருநாள் மழைத்தூறல் விழுதேன்னு அந்த நோட்டை எடுத்துத் துணிக்குள் வைக்கப் போனதுக்கு எங்க பெரியப்பா வாங்கின பேச்சை இந்தச் சபையில் சொல்ல முடியாது. எண்ணுவது நம்ம கை, எழுதுவது வேற கை. இந்தப் பிரிவினை காட்டுக்கு மட்டும் உரியதா? களத்துமேட்டில் மரக்காலைப் பிடித்தவன் யார், கணக்குப் பிள்ளை யார் என்று யோசிச்சா உங்களுக்கே தெரியும்.

அதனால முதலில் அந்தக் கணக்கை நாம கத்துக்குவோம். அப்புறம் அரசியல் பேசுவோம். கணக்கு தெரியாமப் பேசுற அரசியல் பாதி அரசியல்தான்.

எள் விதைச்ச கொல்லையில் பதினைந்து இருபது நாளில் நம்ம பெண்கள் என்ன செய்றாங்க? குனிஞ்சு நின்னு பயிரைக் கலைச்சு விடுறாங்க. நெருக்கமா முளைச்சதில் சிலதைப் பிடுங்கிப் போட்டுட்டு, மிச்சத்துக்கு இடம் விடுறாங்க. அப்படி விடலைன்னா எல்லாம் நோஞ்சானா, ஒல்லியா வளர்ந்து காய் பிடிக்காது. தோட்டக் காட்டிலும் இதுவேதான். தேக்கை இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடைவெளியில் நட்டா ஒரு ஹெக்டேரில் 2500 கன்று நிக்கும். நாலைந்து வருசத்தில் தலையோடு தலை முட்டிக்கும். அப்போ ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை எடுத்துடுவாங்க. 1250 ஆகும். எட்டு, பத்து வயசில் மறுபடி அதே மாதிரி எடுத்தா 625. அதுக்குப் பிறகு வரிசைக் கணக்கு உதவாது. ஒவ்வொரு மரமாப் பார்த்து, எது நிக்கணும் எது போகணும் என்று குறி போடணும். இப்படிப் பல தடவை கலைச்சு, கடைசியில் ஐம்பது அறுபது வயசில் நிக்கிற கொஞ்ச மரம்தான் பெரிய விலைக்குப் போற மரம்.

இப்போ கேள்வி இதுதான். ஒரு காடு நெருக்கமா இருக்கு, கலைக்கணும் என்று எப்படிச் சொல்றது?

மரத்தை எண்ணிப் பாரு என்பது முதல் பதில். முழுக்காட்டையும் எண்ண முடியாது. அதனால மாதிரித் துண்டு எடுப்பாங்க. சாதாரணமா எடுக்குறது ஹெக்டேரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1000 சதுர மீட்டர். சதுரமாப் போட்டா ஒரு பக்கம் 31.62 மீட்டர். கட்டத்தின் நடுவில் ஒரு முளையை அடிச்சு, அங்கிருந்து நாலு மூலைக்கும் 22.36 மீட்டர் அளந்தா சதுரம் வந்துடும். வட்டமாப் போடணும்னா நடு முளையிலிருந்து 17.84 மீட்டர் கயிறு. உள்ளே நிக்கிற மரத்தை எண்ணி, பத்தால் பெருக்கினா ஹெக்டேருக்கு எத்தனை மரம் என்று வந்துடும். ஒரு துண்டு போதாது. மேடு, பள்ளம், ஓடைக்கரை, சாலை ஓரம் என்று எல்லா இடத்திலும் விழுகிற மாதிரி பல துண்டு போடணும். அந்த இடங்களையும் காட்டுக்குள் போறதுக்கு முன்னாலேயே வரைபடத்தில் குறிச்சுடணும். போன பிறகு இடத்தைத் தேர்ந்தெடுத்தா, கண்ணுக்குப் பிடிச்ச இடத்தில்தான் முளை அடிக்கத் தோணும்.

மலைச்சரிவில் ஒரு சூட்சுமம் இருக்கு. நாடாவைத் தரையோடு தரையாப் போட்டு அளக்கக்கூடாது. மட்டமாப் பிடிச்சு, படி இறங்குற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா அளந்து இறங்கணும். 30 டிகிரி சரிவில் தரையோடு போட்ட துண்டு, படத்தில் பார்த்தா 1000 சதுர மீட்டர் இருக்காது, 866-தான் இருக்கும். அப்போ எண்ணிக்கை சுமார் 13 சதவீதம் குறைஞ்சு பதிவாகும். நிக்கிற மரம் காகிதத்தில் காணாமப் போயிடும். அப்படிக் கணக்கில் வராத மரத்தை வெட்டினா, யாரு வந்து கேக்கப் போறா?

எண்ணிக்கை மட்டும் போதுமா? போதாது. ஒரு ஹெக்டேரில் தொடை பருமன் மரம் 1000 நிக்கலாம். இன்னொரு ஹெக்டேரில் கட்டிப்பிடிக்க முடியாத மரம் 250 நிக்கலாம். எது நெருக்கம்? இதுக்குத்தான் பருமனை அளக்குறது. நம்ம நாட்டில் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது நெஞ்சு உயரத்தில், சுற்றளவு எடுப்பாங்க. சரிவில் நிக்கிற மரத்துக்கு மேட்டுப் பக்கம் நின்னுதான் அந்த உயரத்தைக் குறிக்கணும். அதுக்குக் கீழேயே இரண்டாப் பிரிஞ்ச மரத்தை இரண்டு மரமா எண்ணணும். கொடி, பாசி, உதிரும் பட்டையை ஒதுக்கிட்டு, நாடாவை முறுக்காம மட்டமாச் சுத்தணும்.

அந்தச் சுற்றளவிலிருந்து, மரத்தை நெஞ்சு உயரத்தில் அறுத்தா வெட்டு முகம் எவ்வளவு பரப்பு இருக்கும் என்று கணக்குப் போடலாம். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி 12.57-ஆல் வகுக்கணும், அவ்வளவுதான். ஒரு ஹெக்டேரில் நிக்கிற எல்லா மரத்தின் வெட்டு முகத்தையும் கூட்டினா வருகிற சதுர மீட்டர்தான் அடிப்பரப்பு. காட்டின் நெருக்கத்தைச் சொல்ல இதுதான் நம்பகமான அளவு. இதில் கவனிக்க வேண்டியது, சுற்றளவு இரண்டு மடங்கு ஆனா அடிப்பரப்பு நாலு மடங்கு ஆயிடும். 30 சென்டிமீட்டர் மரம் 1000 இருந்தா 7.16 சதுர மீட்டர். 60 சென்டிமீட்டர் மரம் வெறும் 250 இருந்தாலும் அதே 7.16.

கூப்பில் நடக்கிற களவு இந்த இடத்தில்தான் இருக்கு. ஒரு உதாரணத்தைப் போட்டுக் காட்டுறேன், எழுதிக்குங்க. ஒரு மாதிரித் துண்டில் 80 மரம். அதில் 30 சென்டிமீட்டர் சுற்றளவு மரம் 40, 60 சென்டிமீட்டர் மரம் 30, 90 சென்டிமீட்டர் மரம் 10. மொத்த அடிப்பரப்பு 1.79 சதுர மீட்டர், அதாவது ஹெக்டேருக்கு 17.9. இப்போ கலைக்கணும். ஒழுங்காக் கலைக்கிறவன் ஒல்லி மரம் 40-ஐயும் எடுத்தான்னு வைங்க. எண்ணிக்கையில் பாதி போச்சு, ஆனா அடிப்பரப்பில் போனது 16 சதவீதம்தான். இன்னொருத்தன் பெரிய மரம் பத்தையும் எடுக்கிறான். எண்ணிக்கையில் எட்டில் ஒரு பங்குதான் போச்சு. ஆனா அடிப்பரப்பில் 36 சதவீதம் போயிடுச்சு. அறிக்கையில் என்ன எழுதுவான்? ‘எண்பதில் பத்து மரம் மட்டுமே கலைக்கப்பட்டது’ன்னு எழுதுவான். அது பொய்யான வாக்கியம் இல்லை. எண்ணிக்கை உண்மைதான், களவும் உண்மைதான். எண்ணிக்கையை மட்டும் காட்டி ஏமாத்துற வித்தை இது. நம்ம மக்களுக்கு இத்தனை பேருக்குப் பட்டா கொடுத்தோம் என்று அரசாங்கம் எண்ணிக்கை வாசிக்கும்போதும் இதையே ஞாபகம் வச்சுக்குங்க. எத்தனை பேருக்கு என்று மட்டும் கேக்காதீங்க, ஆளுக்கு எத்தனை சென்ட் என்று கேளுங்க.

அண்ணல் அம்பேத்கர் 1918-இல் இந்தியாவின் சிறு நிலவுடைமை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். துண்டு துண்டாக் கிடக்குற நிலத்தைப் பெருசாக்கிட்டா எல்லாம் சரியாயிடும் என்று பேசினவங்களுக்கு அவர் சொன்ன பதிலின் சாரம் என்ன? நிலத்தின் பரப்பை மட்டும் வச்சு அது கட்டுபடியாகுமா ஆகாதா என்று சொல்ல முடியாது, அதில் போடுகிற உழைப்பு, முதல், கருவிகள் இவற்றோடு அது எந்த விகிதத்தில் இருக்கு என்று பார்க்கணும் என்பதுதான். ஒரு எண்ணைத் தனியா வச்சுப் பேசாதே, விகிதத்தைப் பாரு. காட்டை அளக்கும்போதும் இதே பார்வைதான் வேணும்.

நாடா இல்லாமலே அடிப்பரப்பைச் சொல்ல ஒரு வழி இருக்கு. ஆஸ்திரியாவைச் சேர்ந்த வால்டர் பிட்டர்லிக் என்ற வனக்காரர் 1948-இல் வெளியிட்ட முறை. ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள தகடோ மரச் சீவலோ எடுத்துக்குங்க. அதில் 50 சென்டிமீட்டர் நூல் கட்டுங்க. நூல் நுனியைக் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் வச்சுக்கிட்டு, தகட்டை நீட்டிப் பிடிச்சு, நின்ன இடத்திலேயே ஒரு சுற்று சுற்றுங்க. நெஞ்சு உயரத்தில் எந்த மரம் தகட்டைவிட அகலமாத் தெரியுதோ அதை எண்ணுங்க. தகட்டுக்குள் மறையற மரத்தை விட்டுடுங்க. எண்ணிக்கை எவ்வளவோ, அதுதான் ஹெக்டேருக்கு அத்தனை சதுர மீட்டர் அடிப்பரப்பு. 18 மரம் என்றால் 18 சதுர மீட்டர். மந்திரம் ஒண்ணும் இல்லை, எளிய வடிவியல்தான். மரத்தின் விட்டத்தைப் போல 50 மடங்கு தூரத்துக்குள் நிக்கிற மரம்தான் எண்ணிக்கையில் சேருது. விலை உயர்ந்த கருவியிலும் வேலை செய்யறது இதே தத்துவம்தான். ஐந்து ரூபாய் செலவில்லாம நம்ம பிள்ளைங்க கையில் வர வேண்டிய கருவி இது. இப்படிப் பத்து இடத்தில் நின்னு சராசரி எடுத்தா, அதிகாரியின் அறிக்கை சரியா தப்பா என்று ஒரே நாளில் ஓரளவு சொல்லிடலாம்.

அடுத்தது கலைப்புக்கு மரத்தைத் தேர்ந்தெடுக்கிற விஷயம். வனவியல் பாடத்தில் மரத்தை வகை பிரிச்சிருக்கான். ஆதிக்க மரம், அடங்கிய மரம், ஒடுக்கப்பட்ட மரம், செத்துக்கிட்டிருக்கிற மரம், நோயுற்ற மரம். நான் சிரிப்புக்காகச் சொல்லலை, இங்கிலீஷில் இருக்கிற பெயரே இதுதான். முதன்முதலில் அந்தப் பட்டியலைக் கேட்டப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘ஜெர்மன் முறை’ என்று சொல்ற அடிக்கலைப்பில் முதல் வெட்டு யாருக்கு? ஒடுக்கப்பட்ட மரத்துக்கு. அடுத்து அடங்கிய மரத்துக்கு.

சில மேதாவிகள் இதைப் பிடிச்சுக்கிட்டு, ‘பாத்தியா, இயற்கையிலேயே மேல் கீழ் இருக்கு’ என்று கிளம்பிடுவான். அவனுக்கு மூணு பதில் சொல்லணும். முதலாவது, ஒரே நாளில், ஒரே நாற்றங்காலிலிருந்து வந்து நட்ட கன்றுகள் இவை. ஒண்ணு ஆதிக்க மரமாச்சு, இன்னொண்ணு ஒடுக்கப்பட்ட மரமாச்சு என்றால் பெரும்பாலும் அதுக்குக் காரணம் கிடைச்ச இடமும் வெளிச்சமும்தான். பக்கத்து மரத்தைச் சரியான காலத்தில் எடுத்துட்டா, அடங்கிக் கிடந்த மரம் பருத்து மேலே வருது. ரொம்ப வருசம் நிழலில் போட்டு வச்ச பிறகு திறந்துவிட்டா எழுந்திருக்கத் திணறுது. இதை எந்தக் கூப்புக்காரனும் சொல்லுவான். இரண்டாவது, வனவியலிலேயே இன்னொரு முறை இருக்கு. ‘பிரெஞ்சு முறை’ என்று பெயர், முடிக்கலைப்பு. அதில் மேலே நின்னு நெருக்குகிற ஆதிக்க மரங்களில் சிலதைத்தான் வெட்டுறான். கீழே இருக்கிற சின்ன மரத்தை நிலத்துக்கு நிழலாகவும் பாதுகாப்பாகவும் விட்டுடுறான். ஆக, எதை வெட்டணும் என்பதை இயற்கை சொல்லலை. என்ன லாபம் வேணும் என்று முடிவு பண்ணினவன் சொல்றான். மூணாவது பதில் ரொம்பச் சுலபம். மனுசன் மரம் இல்லைய்யா. மரத்தால் நகர முடியாது, சங்கம் சேர முடியாது. நம்மால முடியும்.

இந்த அளவையெல்லாம் ஏன் வந்தது என்ற வரலாறும் தெரியணும். 1856 என்ற வருசத்தைக் குறிச்சுக்குங்க. அந்த வருசம் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடுது. தண்டவாளத்துக்கு அடியில் போட மரக்கட்டை வேணும். அதே வருசம் சென்னை மாகாணத்துக்கு ஹியூ கிளெக்ஹார்ன் வனக் காப்பாளராக வர்றார். அதே வருசம் பர்மாவில் பெகு காடுகளுக்கு டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர் பொறுப்பேற்கிறார். வழி நெடுகத் தேக்கை எண்ணி, பருமன் வாரியா வகை பிரிச்சு, வருசத்துக்கு எத்தனை பெரிய மரம் வெட்டலாம் என்று கணக்குப் போட்டவர் அவர். 1864-இல் இந்தியா முழுமைக்கும் வனத்துறைத் தலைமை ஆகிறார். அவருடைய கணக்கில் நல்லதும் உண்டு. கணக்கே இல்லாம வெட்டித் தீர்த்த வியாபாரிகளுக்கு அது ஒரு தடை. ஆனா பெகுவில் தேக்கு நட்டு வளர்த்தது யார்? கரேன் மக்கள். காட்டை வெட்டிச் சுத்தம் பண்ணி, தேக்குக் கன்று நட்டு, களை எடுக்கணும். அதுக்குப் பதிலா, மரம் நிழல் கட்டுற வரைக்கும் சில வருசம் நடுவில் பயிர் வச்சுக்கலாம். நிழல் கட்டின பிறகு வேறு இடத்துக்குப் போயிடணும். டாங்யா என்று பெயர். மரத்துக்கு இடம் விட மனுசனைக் கலைச்ச முறை இது. 1878 சட்டமும், 1882 சென்னை வனச் சட்டமும், 1927 சட்டமும் வந்தப்போ, காட்டுக்குள் இருந்தவன் சட்டப்படி அத்துமீறினவன் ஆனான்.

அத்துமீறினவன் என்ற முத்திரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை வாச்சாத்தி காட்டியது. 1992 ஜூன் 20. சந்தன மரம் தேடுறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையாளிப் பழங்குடி ஊருக்குள் போனாங்க. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாங்க. ஊரே சூறையாடப்பட்டது. 2011-இல்தான் தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதுக்குள் செத்துப்போக, மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் சொன்னது. 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2015 ஏப்ரல் 7-இல் சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை, தமிழ்நாட்டிலிருந்து போன 20 கூலிகளைச் செம்மரம் வெட்டினாங்க என்று சொல்லிச் சுட்டுக் கொன்றது. கட்டையின் விலை கோடிக்கணக்கில் பேசப்பட்டது. வெட்டப்போனவன் குடும்பத்தில் அடுத்த நாள் சோத்துக்கு வழியில்லை.

இனி கூலிக்கு வர்றேன். வெட்டின மரத்தின் கன அளவை எப்படிப் போடுறாங்க? கட்டையின் நடுவில் சுற்றளவு எடுத்து, அதை நாலால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்குவாங்க. எட்வர்ட் ஹாப்பஸ் என்ற இங்கிலாந்துக்காரர் 1736-இல் போட்ட வாய்ப்பாடு. உருண்டைக் கட்டையைச் சதுரமா அறுக்கும்போது சேதாரம் போகும் என்று முன்கூட்டியே கழிச்சுக்கிற கணக்கு. ஒரு மீட்டர் சுற்றளவும் நாலு மீட்டர் நீளமும் உள்ள கட்டையை எடுத்துக்குங்க. அதில் உண்மையில் 0.318 கனமீட்டர் மரம் இருக்கு. ஹாப்பஸ் கணக்கில் 0.25. நூற்றுக்கு இருபத்தொன்றரை காணோம். அறுப்பவனுக்குச் சேதாரம் இருக்கலாம். வெட்டித் தூக்கினவனுக்கு எங்கே சேதாரம்? அவன் தோளில் ஏறினது முழுக் கட்டைதானே? ‘ரேட்டே அந்தக் கணக்குக்குப் போட்டதுதான்’ என்று ஒப்பந்தக்காரர் சொல்லுவார். சரி. அப்போ வித்த சீட்டையும் காட்டு, அதே கணக்கில்தான் வித்தியா என்று கேளுங்க. கூலிக்கு ஒரு வாய்ப்பாடும் விற்பனைக்கு ஒரு வாய்ப்பாடும் ஓடின கூப்பில் நானே வேலை செய்திருக்கேன்.

விறகும் காகித ஆலைக்குப் போற மரமும் அட்டி கணக்கிலோ டன் கணக்கிலோ போகும். அட்டியில் கட்டைக்கு நடுவே இருக்கிற சந்தும் அளவில் சேருது. அடுக்கினதை உலுக்கி மறுபடி அடுக்கச் சொன்னா உயரம் இறங்கிடும், கூலியும் இறங்கிடும். டன் கணக்கில் வேற தந்திரம். இன்னைக்கு வெட்டின பச்சை மரத்தைப் பத்து நாள் வெயிலில் போட்டுட்டு அப்புறம் எடை போடுவான். காய்ஞ்சு போன தண்ணிக்கும் சேர்த்துத்தான் நாம வெட்டினோம், சுமந்தோம். ஆனா கூலி காய்ஞ்ச எடைக்கு. கூலியும் முன்பணமும் எப்படிச் சங்கிலியாகும் என்பதைச் சவுக்குத் தோப்பிலும் தைலத் தோப்பிலும் கொத்தடிமையாக் கிடந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களைக் கேளுங்க. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துடுச்சு. முன்பணத்தைக் கழிக்கிற கணக்கு எப்பவும் முதலாளி நோட்டில்தான் இருந்தது. கடன் தீராததுக்குக் காரணம் அந்த நோட்டு.

வெட்டுறதை நிறுத்தின கணக்கும் இருக்கு. எங்க கூடலூர்ப் பக்கத்துக் காட்டு வெட்டு சம்பந்தமா 1995-இல் கோதவர்மன் திருமுல்பாடு போட்ட வழக்கில், 1996 டிசம்பர் 12-இல் உச்ச நீதிமன்றம், அங்கீகரிக்கப்பட்ட செயல்திட்டம் இல்லாம நாடு முழுக்க எந்தக் காட்டிலும் மரம் வெட்டக்கூடாது என்று சொன்னது. காடு பிழைக்கணும், அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனா கூப்பு நின்ன பிறகு கூப்புக் கூலி என்ன ஆனான் என்று யாரும் ஒரு கணக்கு எடுக்கலை.

வானத்திலிருந்தும் நெருக்கத்தை அளக்குறாங்க. டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் 1987 முதல் செயற்கைக்கோள் படம் வச்சு அறிக்கை போடுது. அதில் மரத்தின் முடி தரையை எவ்வளவு மூடியிருக்கு என்று பார்ப்பாங்க. 70 சதவீதமும் அதுக்கு மேலும் என்றால் மிக அடர்ந்த காடு, 40 முதல் 70 வரை நடுத்தரம், 10 முதல் 40 வரை திறந்த காடு. ஒரு ஹெக்டேருக்கு மேலே இருந்து முடி பத்து சதவீதம் மூடினா போதும், நிலம் யாருடையது, என்ன மரம் என்று பார்க்காம வனப்பரப்பில் சேர்த்துடுவாங்க. சோலைக்காடும் அதில் ஒண்ணுதான், தைலத் தோப்பும் ஒண்ணுதான். முடியை அளக்கலாம். அடியில் யார் குடியிருக்கா என்பது அந்தப் படத்தில் தெரியாது.

அதனாலதான் 2006 வன உரிமைச் சட்டத்தைப் படிக்கச் சொல்றேன். சமூகக் காட்டைப் பாதுகாக்க, நிர்வகிக்க கிராம சபைக்கு உரிமை கொடுக்குற சட்டம் அது. மூங்கிலைச் சிறுவனப் பொருள் என்று அதில் எழுதியாச்சு. மகாராஷ்டிரத்துக் கட்சிரோலி மாவட்டத்தில் மெண்டா லேகா என்ற கோண்டு ஊர், 2011-இல் மூங்கிலைத் தானே வெட்டி, தானே அனுமதிச் சீட்டுப் போட்டு விற்கிற உரிமையை வாங்கிச்சு. எதை விடணும், எதை வெட்டணும் என்ற கணக்கு ஊர்க் கையில் இருந்தா உரிமையும் ஊர்க் கையில் நிக்கும். ஆனா இந்தச் சட்டத்தில் நமக்கு ஒரு பொறி இருக்கு. பழங்குடி அல்லாத காட்டுவாசி, அதாவது நம்மைப் போன்ற தலித் குடும்பம், 2005 டிசம்பர் 13-க்கு முன்னால் 75 வருசம், மூணு தலைமுறை, காட்டை நம்பிக் குடியிருந்ததாக நிரூபிக்கணும். அப்படின்னா 1930. எங்களை மாதிரி 1964-க்குப் பிறகு கப்பலேற்றி அனுப்பப்பட்ட குடும்பம் அதை எப்படிக் காட்டும்? இந்த விதியை மாத்தச் சொல்லிப் போராட வேண்டியது ஒரு வேலை. அது மாறுற வரைக்கும், அந்த 75 வருசத்தைக் காட்டக்கூடிய ஊர்கள் ஆதாரத்தைத் திரட்டுறது இன்னொரு வேலை. கிணறு, சுடுகாடு, கட்டின வரப்பு, பெரியவங்க சொல்லி எழுதிவச்ச வாக்குமூலம், இதெல்லாம் ஆதாரம் என்று 2008 விதிகளே சொல்லுது. தாசில்தார் காகிதம் ஒண்ணுதான் சாட்சி என்று யாராவது சொன்னா நம்பாதீங்க.

கடைசியா ஒரு விஷயம். நம்ம இயக்கத்தில் பேச்சாளர்கள் நிறைய இருக்காங்க. அளக்கத் தெரிஞ்ச ஆட்கள் குறைவு. கலைப்புக்குக் குறி போட்ட மரத்தில் இரண்டு இடத்தில் பட்டை சீவியிருக்கும், நெஞ்சு உயரத்தில் ஒண்ணு, அடியில் ஒண்ணு. அடியில் இருக்கிறதில் சுத்தியல் முத்திரை அடிப்பாங்க. மரம் போன பிறகும் அடிக்கட்டையில் அந்த முத்திரை நிக்கணும் என்பதுதான் காரணம். முத்திரை இல்லாத அடிக்கட்டை எத்தனை என்று எண்ணத் தெரிஞ்ச பத்து மாணவர்கள் ஒரு ஒன்றியத்தில் இருந்தா, களவு நடந்த பிறகு பழியைக் கூலிமேல் போடுறது அவ்வளவு சுலபமா நடக்காது. நோட்டு ஒண்ணு அவங்க கையில் இருக்கட்டும். நம்ம கையில் இன்னொரு நோட்டு இருக்கணும். தேதி, இடம், சுற்றளவு, எடை, கூலி, எல்லாம் நம்ம எழுத்தில்.

நாளைக்குக் காலையில் ஆறரை மணிக்குப் பக்கத்துத் தைலத் தோப்புக்குப் போறோம். தோப்புக்காரரிடம் சொல்லி அனுமதி வாங்கியாச்சு. நாலு பேருக்கு ஒரு குழு. ஒவ்வொரு குழுவும் 17.84 மீட்டரில் முடிச்சுப் போட்ட கயிறு ஒண்ணு, தையல் நாடா ஒண்ணு, நூல் கட்டின தகடு ஒண்ணு, நோட்டு ஒண்ணு கொண்டு வரணும். பெண் தோழர்கள் முதல் துண்டில் நோட்டுப் பிடிக்கட்டும், ஆண்கள் முள்ளை வெட்டி நாடா பிடிக்கட்டும். அடுத்த துண்டில் மாத்திக்கலாம். கேள்வி இருந்தா இப்பவே கேளுங்க, சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் இருக்கேன்.